ஐந்தைச் சோதித்து இருபத்தைந்துக்குச் சான்றிதழ்: மாசசூசெட்ஸ் ஆய்வக மோசடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசசூசெட்ஸில் அப்படி என்னதான் நடந்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், போலீஸ் பிடித்த போதைப்பொருளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் அரசு ஆய்வகங்களில் இரண்டு பேர் மாட்டினார்கள். ஒருவர் ஆனி டூக்கன். பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளெயின் பகுதியில் இருந்த ஹின்டன் ஆய்வகத்தில் 2003 முதல் 2012 வரை வேலை பார்த்தவர். பல பொட்டலங்களைப் பிரித்துச் சோதிக்காமலேயே சோதித்ததாக எழுதிவிட்டார். இன்னொருவர் சோன்யா ஃபராக். மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில், பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த சின்ன ஆய்வகம் அவருடையது. அங்கிருந்த போதைப்பொருளை எடுத்துத் தானே பயன்படுத்தினார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, எட்டு ஆண்டுகள்.

இருவரும் கூட்டுச் சேர்ந்து செய்ததில்லை. ஐந்து மாத இடைவெளியில் இரண்டும் வெளியே வந்தது தற்செயல். கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் டூக்கன் கைபட்ட 21,587 வழக்குகளையும், ஆம்ஹர்ஸ்ட் ஆய்வகம் சம்பந்தப்பட்ட 16,000-க்கும் மேற்பட்ட வழக்குகளையும் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது.

இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இருவரையும் காட்டிக்கொடுத்தது அறிவியல் அல்ல, பதிவேடு.

போதைப்பொருள் வழக்கில் ஆய்வகத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

வெள்ளைப் பொடி எல்லாம் கோகெயின் ஆகிவிடாது. சமையல் சோடாவைப் பொட்டலம் கட்டி விற்று ஏமாற்றுபவர்களும் அதே தெருமுனையில்தான் நிற்கிறார்கள். பிடித்த போலீஸ்காரருக்கு அது என்னவென்று சந்தேகம்தான் இருக்க முடியும். அந்தச் சந்தேகத்தைச் சாட்சியமாக்குவது ஆய்வகம்.

முறையாகச் செய்தால் வேலை இரண்டு கட்டம். முதல் வேதியியலாளர் எடை போடுவார், ஒரு துளி ரசாயனம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார், நுண்ணோக்கியில் படிகத்தின் வடிவத்தைப் பார்ப்பார். கோகெயினுக்கு கோபால்ட் தயோசயனேட் விட்டால் நீலம் வரும். ஆனால் மரத்துப்போக வைக்கப் பயன்படும் லிடோகெயினுக்கும் நீலம் வரக்கூடும். அதனால்தான் நிறம் பார்ப்பது வெறும் முதற்கட்டம். இரண்டாம் கட்டத்தில் வேறொருவர் கேஸ் குரோமட்டோகிராபி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் போட்டு, மூலக்கூறு இன்னதுதான் என்று உறுதி செய்வார்.

எடையும் சாதாரண விஷயமில்லை. எத்தனை கிராம் என்பதை வைத்துத்தான் வைத்திருந்த குற்றமா, கடத்தல் குற்றமா என்பது முடிவாகும். கடத்தல் என்றால் எடைக்கேற்பக் குறைந்தபட்சச் சிறை கட்டாயம். நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க வழியில்லை. தராசு கொஞ்சம் சாய்ந்தால் ஒரு மனிதருக்குச் சில வருடங்கள் போய்விடும்.

டூக்கன் எப்படி ஏமாற்றினார்?

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்போம். அடுப்படியில் அது சரியான அறிவியல். ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே கொதி. டூக்கன் செய்தது என்னவென்றால், ஐந்து பானையில் ஒவ்வொரு சோறு எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இருபது பானையும் வெந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 25 பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வார், அதில் ஐந்தைச் சோதிப்பார், 25-க்கும் முடிவு எழுதுவார். ஆய்வகத்தை ஈரமாக்காமலேயே முடிவு வருவதால் அந்தத் துறையில் இதற்கு 'ட்ரை லேப்பிங்' என்று பெயர். பெயர் இருக்கிறது என்பதே, இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர் இல்லை என்பதற்குச் சாட்சி.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சோதிக்காத பொட்டலம் இரண்டாம் கட்டக் கருவிக்குப் போய், 'இது கோகெயின் இல்லை' என்று திரும்பி வருவதுண்டு. அப்போது தவறை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, வேறொரு பொட்டலத்திலிருந்து உண்மையான போதைப்பொருளைக் கொஞ்சம் எடுத்து இதில் கலந்து, மறுபடி கருவிக்கு அனுப்பியிருக்கிறார். கருவி இந்த முறை 'ஆமாம்' என்றது. கருவி பொய் சொல்லவில்லை. அதன் வாயில் பொய்யை ஊட்டிவிட்டார்.

கருவி சரியாக ஓடுகிறது என்று காட்டும் தாள்களையும் திருத்தினார், சக ஊழியர்களின் இனிஷியலைத் தானே போட்டார். சாட்சிக் கூண்டில் ஏறி, முதுகலைப் பட்டம் பெற்றதாகச் சத்தியம் செய்து சொன்னார். அந்தப் பட்டம் அவருக்குக் கிடையாது.

எதற்காக? லஞ்சம் வாங்கினாரா?

பணம் வாங்கியதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. நல்ல பெயர்தான் அவருக்குக் கிடைத்த கூலி. மற்ற வேதியியலாளர்கள் மாதம் 50 முதல் 150 பொட்டலம் முடித்தால், அவர் 500-க்கு மேல் முடித்தார். சோதனைக்குக் காத்துக் கிடக்கும் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்த ஆய்வகம் அது. அங்கே அவருக்குச் 'சூப்பர்வுமன்' என்று பட்டப்பெயர். எண்ணிக்கையை வைத்து மெச்சும் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மனிதரைத் தெரிந்திருக்கும்.

அரசு வழக்கறிஞர்களோடு அவருக்கு மின்னஞ்சல் நட்பும் இருந்தது. ஒரு வழக்கில் கடத்தல் குற்றம் சாட்ட கஞ்சா குறைந்தது 50 பவுண்டு இருக்க வேண்டும் என்று ஓர் அரசு வழக்கறிஞர் எழுத, 80 பவுண்டுக்கு மேல் இருக்கிறது, நிச்சயம் கடத்தல்தான் என்ற பொருளில் இவர் பதில் எழுதியிருக்கிறார். இந்தக் கடிதப் போக்குவரத்து வெளியானதும் அந்த வழக்கறிஞர் 2012-இல் வேலையை விட்டார். எடை உண்மையாகவே 80 பவுண்டாக இருந்திருக்கலாம். ஆனால் தராசு பிடிப்பவரிடம் 'இவ்வளவு வந்தால் நல்லது' என்று சொல்லிவிட்டு நிறுக்கச் சொல்வதை நம் ஊர்க் காய்கறிச் சந்தையில்கூட யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாமலா இருந்தது?

தெரிந்திருந்தது. குறைந்தபட்சம் சந்தேகம் இருந்தது. அவரை நுண்ணோக்கி முன்னால் பார்த்ததே இல்லை என்று சக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள். சிலர் மேலிடத்துக்கும் கொண்டுபோனார்கள். மேற்பார்வையாளர்கள் அவருடைய தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். தாள்கள் சரியாக இருந்தன. இருக்காதா பின்னே? தாள் எழுதுவதில்தான் அவர் கெட்டிக்காரர். அவர் முடித்த பொட்டலத்தில் நான்கை எடுத்து மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். ஒரே ஒரு நாள் வேலை அது.

பிறகு எப்படிப் பிடிபட்டார்?

2011 ஜூனில், சான்றுப் பொருள் வைத்திருக்கும் பெட்டகத்திலிருந்து 90 பொட்டலங்களைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் எடுத்துவிட்டார். கேள்வி வந்ததும், பின்தேதியிட்டு வேறொருவர் இனிஷியலைப் பதிவேட்டில் எழுதினார். அது கண்ணில் பட்டது. உடனே வேலையிலிருந்து நிறுத்தினார்களா என்றால், இல்லை. சோதனை வேலையிலிருந்து மட்டும் விலக்கினார்கள். விஷயம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 2012 தொடக்கத்தில். அந்த மார்ச்சில் அவர் ராஜினாமா செய்தார்.

அதுவரை சுகாதாரத் துறையின் கீழ் இருந்த ஆய்வகம், 2012 கோடையில் மாநிலப் போலீஸ் கைக்கு மாறியது. புதிதாக வந்தவர்கள் தோண்டினார்கள். ஆகஸ்ட் இறுதியில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, தவறு தன்னுடையது, ஆய்வகத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று ஒப்புக்கொண்டார். ஓரிரு நாளில் ஆளுநர் டெவல் பேட்ரிக் ஆய்வகத்தையே மூடினார்.

ஒன்பது ஆண்டுகள். சோதனை பொய் என்று ஒருவரும் பிடிக்கவில்லை. கையெழுத்து இல்லை என்று பிடித்தார்கள்.

நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை என்று ஒன்று இருக்கிறதே, அதில் மாட்டியிருக்க வேண்டாமா?

நல்ல கேள்வி. 2009 வரை மாசசூசெட்ஸ் சட்டப்படி ஆய்வகச் சான்றிதழே போதும். எழுதியவர் நீதிமன்றத்துக்கு வர வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெலண்டெஸ்-டியாஸ் வழக்கில், 5-க்கு 4 என்ற நூலிழைப் பெரும்பான்மையில், அதை மாற்றியது. சான்றிதழும் சாட்சியம்தான், எனவே குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை எழுதியவரை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்றது. 'இது விஞ்ஞானம், இதில் குறுக்கு விசாரணைக்கு என்ன இருக்கிறது' என்று அரசுத் தரப்பு வாதிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியா, பொய்யான ஆய்வாளரைத் தடுக்கவும் திறமையற்றவரை அடையாளம் காணவும் அதுவே வழி என்ற பொருளில் பதில் சொன்னார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த வழக்கின் சான்றிதழ்கள் வந்தது இதே ஹின்டன் ஆய்வகத்திலிருந்துதான். அப்போது டூக்கன் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு மற்ற வேதியியலாளர்கள் நீதிமன்றத்துக்கு அலைந்ததில் அவர்கள் முடிக்கும் எண்ணிக்கை சரிந்தது. டூக்கன் மட்டும் தொடர்ந்து எல்லோருக்கும் மேலே நின்றார். இதைக்கூட யாரும் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் உண்மையான விடை வேறு. குறுக்கு விசாரணை நடக்க முதலில் விசாரணை நடக்க வேண்டும். இந்த வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைக்கே வரவில்லை. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

தப்புச் செய்யாதவர் எதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்?

அமெரிக்காவில் குற்ற வழக்குகள் பெரும்பாலும் பேரத்தில்தான் முடிகின்றன. 'ஒப்புக்கொண்டால் ஆறு மாதம், வழக்காடித் தோற்றால் ஐந்து வருடம்' என்று முன்னால் வைக்கிறார்கள். கையில் ஜாமீன் பணம் இல்லை. வேலை போய்க்கொண்டிருக்கிறது. அரசாங்க ஆய்வகம் முத்திரை குத்தி 'கோகெயின்' என்று சொல்லிவிட்டது. இலவச சட்ட உதவி வழக்கறிஞருக்கே அந்தத் தாளைச் சந்தேகிக்க ஒரு காரணமும் தெரியாது. இந்த நிலையில் ஆறு மாதத்தை எடுத்துக்கொள்வது கோழைத்தனமோ குற்றவுணர்வோ இல்லை, கணக்கு.

டெக்சாஸில் ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. தெருவில் போலீஸ்காரர் செய்யும் மலிவான நிறச் சோதனையை மட்டும் நம்பிப் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். பிறகு ஆய்வகம் நிதானமாகச் சோதித்தபோது, பொட்டலத்தில் போதைப்பொருளே இல்லை என்று வந்தது. அப்படி நூற்றுக்கணக்கானோர் பின்னால் விடுவிக்கப்பட்டார்கள்.

ஃபராக் கதை இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

டூக்கன் விஷயம் பேராசை என்றால் இது நோய். அதனால் எழுதும்போதே எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது.

ஆம்ஹர்ஸ்ட் ஆய்வகத்தில் மூன்று நான்கு பேர்தான் வேலை. கேமரா இல்லை, திடீர்ச் சோதனை இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வகம் வாங்கி வைத்திருந்த சுத்தமான திரவ மெத்தாம்பெட்டமைனை 2004 வாக்கிலிருந்து ஃபராக் குடிக்கத் தொடங்கினார். அந்தக் குப்பிகள் காலியாகிவந்ததும் போலீஸ் கொண்டுவந்த பொட்டலங்களில் கைவைத்தார். ஆய்வகத்திலேயே கோகெயினை 'கிராக்' என்ற, புகைக்கும் வடிவமாகக் காய்ச்சினார். போதையிலேயே சோதனை செய்தார், போதையிலேயே சாட்சி சொன்னார்.

2013 ஜனவரியில், சான்றிதழ்களையும் பொட்டலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஊழியர் இரண்டு பொட்டலங்கள் குறைவதைக் கண்டார். உறைகள் ஃபராக்கின் மேசையில் இருந்தன. உள்ளே இருந்தது வேறு பொருள். மறுபடியும் பதிவேடு.

இதில் அரசு வழக்கறிஞர்கள் செய்த தவறு என்ன?

என்னைக் கேட்டால், ஆய்வாளர்கள் செய்ததைவிடப் பெரிய தவறு இங்கேதான். அவர்கள் இருவரும் மறைந்து செய்தார்கள். இவர்கள் நீதிபதி முன்னால் நின்று செய்தார்கள்.

ஃபராக் கைதானபோது அவருடைய காரில் சில தாள்கள் கிடைத்தன. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தபோது அவரே கைப்பட நிரப்பியவை. ஆய்வகச் சரக்கைத் தொட ஆசை வந்தது, தொட்டது எல்லாம் அதில் இருந்தது. நாள் கணக்குப் பார்த்தால் அவை 2011 டிசம்பர் வரை பின்னால் போயின. மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகமோ, அவர் கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் இது தொடங்கியது என்ற தோரணையில் பேசிக்கொண்டிருந்தது. விசாரித்த போலீஸ் அதிகாரி 2013 பிப்ரவரியிலேயே அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, 'ஃபராக் ஒப்புதல்கள்' என்று தலைப்பிட்டு அரசு வழக்கறிஞர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான எதையும் அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது என்பது 1963-இல் பிரேடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் எந்த மாணவரும் தப்பவிடாத விதி. ஆன் கஸ்மரெக், கிறிஸ் ஃபாஸ்டர் என்ற இரண்டு உதவி அட்டர்னி ஜெனரல்களும் அந்தத் தாள்களை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் எண்ணவைத்தார்கள். ஃபராக்கின் பழக்கம் எவ்வளவு பழையது என்பது தெரியாமல், மற்ற வழக்குகளில் நீதிபதிகள் தப்பான அடிப்படையில் தீர்ப்புச் சொன்னார்கள்.

நார்தாம்ப்டனில் வழக்கறிஞராக இருந்த லூக் ரயன் விடவில்லை. அந்தப் பெட்டிகளை நேரில் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பெட்டியைத் திறந்தார், தாள்கள் இருந்தன. 2017-இல் நீதிபதி ரிச்சர்ட் கேரி, அந்த இருவரும் செய்தது நீதிமன்றத்தின் மீதே நடத்திய மோசடி என்று எழுதினார்.

பொட்டலத்தில் பெரும்பாலும் போதைப்பொருள்தானே இருந்திருக்கும்? அப்புறம் இதை எப்படி அநியாயத் தண்டனை என்று சொல்வது?

இந்தக் கேள்வியை எழுப்புபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிடிபட்டவர்களில் பலரிடம் இருந்தது போதைப்பொருள்தான் என்பதை அவர்களே மறுக்க மாட்டார்கள். 2012 கடைசியில் அவசரமாக வெளியே விடப்பட்டவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டே கொலை வழக்கில் கைதானார். பத்திரிகைகள் அதை விடவில்லை.

சிக்கல் இதுதான்: எந்தப் பொட்டலத்தில் இருந்தது, எதில் இல்லை என்பதை டூக்கனாலேயே சொல்ல முடியவில்லை. எதைச் சோதித்தார், எதைப் பார்வையிலேயே முடித்தார், எதில் கலப்படம் செய்தார் என்று அவருக்கே நினைவில்லை. பல வழக்குகளில் பொட்டலமும் அழிக்கப்பட்டுவிட்டது. மறுபடி சோதிக்கப் பொருளே இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசின் வேலை என்பது சட்டம். நிரூபணமாகக் காட்டிய ஒரே தாள் வெற்றுத்தாள் என்று தெரிந்த பிறகு, 'ஆனாலும் இருந்திருக்கும்' என்று ஒருவரைக் குற்றவாளியாகவே வைத்திருக்க முடியாது.

தண்டனை சிறையோடு முடிவதுமில்லை. போதைப்பொருள் தண்டனை இருந்தால் அரசாங்க வீடு கிடைக்காமல் போகலாம், வேலை கிடைக்காது. குடியுரிமை இல்லாதவர் நாடு கடத்தப்படலாம். 2016 வரை மாசசூசெட்ஸில் ஓட்டுநர் உரிமம்கூடத் தானாகவே ரத்தாகும், குற்றத்துக்கும் காருக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும்.

தள்ளுபடி செய்ய ஏன் ஐந்து ஆண்டுகள் ஆயின?

யார் வேலை அது என்பதில் சண்டை. ஆளுநர் நியமித்த முன்னாள் அரசு வழக்கறிஞர் டேவிட் மெயர், டூக்கன் வேலை 40,323 பேரைத் தொட்டிருக்கிறது என்று 2013-இல் பட்டியல் போட்டார். மாவட்ட அரசு வழக்கறிஞர்களோ, பாதிக்கப்பட்டதாக நினைப்பவர் தனித்தனியாக மனுப் போடட்டும் என்றார்கள். ஒவ்வொருவராக என்றால், பல்லாயிரம் பேருக்கு வழக்கறிஞர் தேட வேண்டும். பலருக்குத் தங்கள் பொட்டலத்தைச் சோதித்தவர் யார் என்பதே தெரியாது. மனுப் போட்டால் பழைய பேரம் உடைந்து கூடுதல் தண்டனை வருமோ என்ற பயம் வேறு.

மாநில உச்ச நீதிமன்றம் படிப்படியாகத்தான் இறங்கி வந்தது. 2014-இல், டூக்கன் கையெழுத்திட்ட சான்றிதழ் என்றாலே அரசுத் தரப்பின் மோசமான முறைகேடு நடந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2015-இல் பிரிட்ஜ்மன் என்ற வழக்கில், மறு விசாரணை கேட்பவருக்குப் பழையதைவிட அதிகத் தண்டனை கொடுக்கக்கூடாது என்றது. அதற்கடுத்த ஆண்டு அரசு வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். வாசித்தால் ஒன்றும் புரியாத கடிதம்; நீதிமன்றமே அதை முற்றிலும் போதாதது என்று ஒதுக்கியது.

2017 ஜனவரியில்தான் அதே பிரிட்ஜ்மன் வழக்கின் இரண்டாம் தீர்ப்பு வந்தது. சுமையை அது அப்படியே தலைகீழாக்கியது. டூக்கனின் தாள் இல்லாமலேயே நிரூபிக்க முடியும் என்று நம்பும் வழக்குகளை மட்டும் 90 நாளில் பட்டியல் போட்டுக் கொடுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள் என்று அரசு வழக்கறிஞர்களிடம் சொன்னது. அதுவரை ஒவ்வொரு வழக்கும் முக்கியம் என்று வாதாடியவர்கள், தாங்களே உழைத்து நிரூபிக்க வேண்டும் என்றதும் சில நூறு வழக்குகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் 21,587 வழக்குகள் ஒரே உத்தரவில் போயின. அமெரிக்க வரலாற்றில் ஒரே வீச்சில் இத்தனை வழக்குகள் தள்ளுபடியானது அதுவரை இல்லை.

2018 அக்டோபரில் ஆம்ஹர்ஸ்டுக்கும் தீர்ப்பு வந்தது. அது இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபராக் கையெழுத்திட்டவை மட்டும் போதாது, 2009 ஜனவரி முதல் அந்த ஆய்வகத்தில் யார் சோதித்திருந்தாலும் அந்தத் தண்டனைகள் நிற்காது என்றது. ஒப்பிட வைத்திருந்த சுத்தச் சரக்கிலேயே கைவைத்துவிட்டால், பக்கத்து மேசைக்காரர் நேர்மையாகச் சோதித்து என்ன பயன்?

யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது?

டூக்கன் 2013 நவம்பரில் 27 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை. 2016-இல் பரோலில் வெளியே வந்தார். அப்போது அவரால் தண்டனை பெற்ற பல்லாயிரம் பேரின் வழக்குகள் இன்னும் அப்படியே கிடந்தன. ஃபராக்குக்கு 18 மாதம்.

வழக்கறிஞர்கள் சிறைக்குப் போகவில்லை. 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் கஸ்மரெக்கின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தது, ஃபாஸ்டரை ஓராண்டும் ஒரு நாளும் இடைநீக்கம் செய்தது, அவர்களுடைய மேலதிகாரி ஒருவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. தாள்களை மறைத்துப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு.

பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு?

தள்ளுபடியான வழக்குகளில் கட்டிய அபராதத்தையும் கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்க, 2022-இல் மாநில அரசு சுமார் 1.4 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் வருகிறார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சில நூறு டாலர். கட்டிய காசு திரும்பியது. சிறையில் கழித்த நாளுக்கு இதில் விலை இல்லை.

போதைப்பொருள் ஆய்வகத்தில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. எஃப்.பி.ஐ.யின் தலைமுடி ஒப்பீடு இன்னொரு பெரிய உதாரணம். குற்ற இடத்தில் கிடைத்த முடியும் சந்தேக நபரின் முடியும் நுண்ணோக்கியில் ஒத்துப்போகிறது என்று பல பத்தாண்டுகள் சாட்சி சொன்னார்கள். 2015-இல் எஃப்.பி.ஐ.யே ஒப்புக்கொண்டது: குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 விசாரணைகளைப் பார்த்ததில், 95 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் அறிவியலுக்கு மீறிய வார்த்தை பேசப்பட்டிருந்தது. 28 ஆய்வாளர்களில் 26 பேர் அப்படிப் பேசியிருந்தார்கள். அங்கே யாரும் பொட்டலத்தைத் திருடவில்லை, கையெழுத்தைப் போலி செய்யவில்லை. தங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும் என்று நம்பிப் பேசினார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் இது நடந்தால் பிடிபடுமா?

சட்டத்தை மட்டும் ஒப்பிடுகிறேன். நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு, இரண்டும் சொல்வது ஒன்றே: அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் சரி என்று நினைத்தால் அவரை அழைக்கலாம். அதாவது, 2009-க்கு முந்தைய மாசசூசெட்ஸின் நிலைமைக்கு நெருக்கமான நிலைமை. புதிய சட்டம் ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது. ஆய்வகத்துக்கு வரும் பொருள் இனி கூடும். மேசையில் குவியல் உயரும்போது 'சூப்பர்வுமன்' போன்றவர்கள் எல்லோருக்கும் பிடித்தமானவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதை ஹின்டனில் பார்த்தோம்.

ஆய்வகச் சான்றிதழ் ஒன்று நம் வழக்கில் வந்தால் வழக்கறிஞரிடம் எதைக் கேட்கச் சொல்ல வேண்டும்?

சான்றிதழ் ஒரு பக்கம்தான் இருக்கும். அதன் பின்னால் இருப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். சோதித்தவர் மேசையில் எழுதிய குறிப்பு, கருவி அச்சிட்ட வரைபடம், அன்று கருவி சரிபார்க்கப்பட்டதற்கான தாள், எத்தனை பொட்டலம் வந்தது, அதில் உண்மையில் எத்தனை பிரிக்கப்பட்டது, கைப்பற்றிய இடத்தில் போட்ட எடையும் ஆய்வக எடையும் ஒன்றா, முத்திரை உடையாமல் வந்ததா.

அப்புறம் பொருள் கைமாறிய பதிவேடு. எந்தத் தேதியில், யார் கொடுத்தார், யார் வாங்கினார், கையெழுத்து இருக்கிறதா, அந்தக் கையெழுத்து அவருடையதுதானா. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.